முனைவர் பட்ட ஆய்வில் தானே தீர்மானித்துக் கற்பது: எதைக் கற்பது, கற்றதை எப்படி உறுதி செய்வது, எப்போது நிறுத்துவது?

பனுவல்:
வணக்கம் நண்பர்களே. கோர்ஸ் ஒர்க் முடிந்த பிறகு முனைவர் பட்ட மாணவருக்குப் பாடத்திட்டம் என்று எதுவும் கிடையாது. புள்ளியியல், நிரல், பேட்டிப் பகுப்பாய்வு, கட்டுரை எழுதுவது எல்லாவற்றையும் இணையத்தில் தேடித் தேடித்தான் கற்க வேண்டும். அப்படிக் கற்கப் போனால், சேமித்து வைத்த கோர்ஸ் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது, அத்தியாயம் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

ஸ்டூவர்ட் ஹேஸ், கிறிஸ் கென்யன் இருவரும் 2000-இல் ஹியூட்டகாஜி என்ற சொல்லை முன்வைத்தார்கள். கற்பவரே கேள்வியையும் வழியையும் மதிப்பீட்டையும் தீர்மானிப்பது என்று பொருள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் திங்கட்கிழமை காலை மேசையில் உட்கார்ந்து என்ன செய்வது? எதைக் கற்பது, கற்றுவிட்டோம் என்று எப்படித் தெரிந்துகொள்வது, எப்போது நிறுத்துவது, இந்த மூன்றுக்கும் நடைமுறையான பதில் வேண்டும்.

தரவுநெய்தல்:
முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மால்கம் நோல்ஸ் பரவலாக்கிய சுயவழிக் கற்றலில் போகும் இடம் ஏறக்குறைய தெரியும், பாதையை மட்டும் கற்பவர் தேர்ந்தெடுப்பார். ஹேஸ், கென்யன் சொல்வதில் போகும் இடமே நடுவழியில் மாறலாம். ஆர்கிரிஸ், ஷோன் இருவரும் இரட்டை வளையக் கற்றல் என்று சொன்னது இதற்குள் வருகிறது. விடை தவறானால் விடையைத் திருத்துவது ஒற்றை வளையம். கேள்வியே சரிதானா என்று திரும்பிப் பார்ப்பது இரண்டாவது வளையம். முனைவர் பட்டத்துக்கு இரண்டாவதுதான் உயிர்.

இனி நடைமுறை. கோர்ஸ் பட்டியலை மூடிவிட்டு ஆய்வேட்டு வரைவைத் திறங்கள். எழுத முடியாமல் நிற்கிற ஒரு வாக்கியத்தைத் தேடுங்கள். "புள்ளியியல் கற்க வேண்டும்" என்பது இலக்கே இல்லை. "மாணவர்கள் பள்ளிகளுக்குள் அடங்கியிருப்பதால் பலநிலை மாதிரி பயன்படுத்தப்பட்டது, பள்ளிகளுக்கு இடையிலான பரவற்படி இவ்வளவு" என்று எழுத வேண்டும், அந்த "இவ்வளவு" என்ன என்று தெரியவில்லை. (பலநிலை மாதிரி என்பது பள்ளி, மாணவர் என்று ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் மட்டங்களைத் தனித்தனியாகக் கணக்கில் எடுக்கும் புள்ளியியல் முறை; பரவற்படி என்பது மதிப்புகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு, திட்டவிலக்கத்தின் வர்க்கம்.) அந்த வாக்கியம்தான் இலக்கு.

பிறகு ஒரே ஒரு தாள். கற்றல் ஒப்பந்தம் என்பார்கள். மேலே அந்தத் தடைப்பட்ட வாக்கியம். அடுத்து, கற்றுவிட்டதற்கு எதைச் சான்றாகக் காட்டுவோம் என்பது. "பார்த்து முடித்தேன்" சான்றாகாது; "தெரியாத தரவைக் கொடுத்தால் 2 மணி நேரத்தில் மாதிரியைப் பொருத்தி ஒரு பத்தி எழுதுவேன்" என்பது சான்று. மூன்றாவது வரி, அந்தச் சான்றைப் பார்த்துச் சரி தவறு சொல்லப்போவது யார், அல்லது எது. நான்காவதாக மூலங்கள், மூன்றுக்கு மேல் வேண்டாம்: ஒரு பாடநூலின் ஓர் அத்தியாயம், ஒரு கோர்ஸின் தேவையான பகுதி, மென்பொருளின் கையேடு. கடைசியாக நிறுத்தும் தேதி.

பலரும் மூன்றாவது வரியைத்தான் விட்டுவிடுகிறார்கள். நாமே கற்று நாமே மதிப்பெண் போட்டால் எப்போதும் தேறிவிடுவோம். தீர்ப்பு, நாம் தேற வேண்டும் என்ற ஆசை இல்லாத ஒன்றிடமிருந்து வர வேண்டும். விடை முன்பே தெரிந்த தரவு, வேறொரு ஆளின் கண், ஓட மறுக்கும் நிரல், இப்படி ஏதாவது ஒன்று.

மீள்வாசிப்பு:
ஒப்பந்தத் தாளை ஏற்கிறேன். ஆனால் ஒரு மறுப்பு. முழுச் சுதந்திரம் புதிதாக வருபவருக்கு உதவாது. கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006-இல் இதைத்தான் வாதிட்டார்கள்: அடிப்படை இல்லாதவரைக் குறைந்த வழிகாட்டலோடு விட்டால் செயல் நினைவு, அதாவது அந்த நேரத்தில் மனம் கையாளும் சிறிய இடம், தேடலிலேயே நிரம்பிவிடும், கற்க இடம் மிஞ்சாது. அவருக்கு முழுதாகத் தீர்த்துக் காட்டிய எடுத்துக்காட்டுகள்தான் வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. கொஞ்சம் தேறிய பிறகும் அதே விளக்கமான எடுத்துக்காட்டுகளைப் படித்துக்கொண்டிருந்தால் அது சுமையாகிவிடும். நிபுணத்துவத் தலைகீழ் விளைவு என்று கலியூகா குழுவினர் காட்டியது இது. ஒரே மாணவர் இலக்கிய மதிப்பாய்வில் தேர்ந்தவராகவும் நிரலில் முழுப் புதியவராகவும் இருப்பார். அவருக்கு ஒரே வகைச் சுதந்திரத்தை இரண்டிலும் கொடுப்பது தவறு.

ஆகவே 6 வாரம் என்றால் முதல் 2 வாரம் அடுத்தவர் வகுத்த வரிசையில் அப்படியே போகலாம். அடுத்த 2 வாரம் எடுத்துக்காட்டின் கடைசிப் படியை மறைத்து வைத்துவிட்டு நாமே செய்வது, பிறகு கடைசி இரண்டு படிகளை, பிறகு மூன்றை. கடைசி 2 வாரம் நம் தரவு. வழிகாட்டலை எப்போது கழற்றுவது என்பதுதான் இங்கே கற்பவர் எடுக்கும் தீர்மானம்.

பனுவல்:
"விடை முன்பே தெரிந்த தரவு" என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல முடியுமா? எங்கிருந்து கிடைக்கும்?

தரவுநெய்தல்:
எங்கிருந்தும் எடுக்க வேண்டாம், நாமே உருவாக்கலாம். மேலே சொன்ன பலநிலை மாதிரியையே எடுத்துக்கொள்வோம்.

30 பள்ளிகள், பள்ளிக்கு 20 மாணவர்கள், மொத்தம் 600. பள்ளிக்குப் பள்ளி மாறும் பகுதிக்குத் திட்டவிலக்கம் 1, மாணவருக்கு மாணவர் மாறும் பகுதிக்குத் திட்டவிலக்கம் 2. பரவற்படி முறையே 1, 4. மொத்தப் பரவற்படியில் பள்ளிகளின் பங்கைச் சொல்லும் ஐசிசி = 1 ÷ (1 + 4) = 0.2. ஆர் என்ற புள்ளியியல் நிரல் மொழியில் பத்துப் பதினைந்து வரிகளில் இந்தத் தரவை எழுதிவிடலாம். 15 பள்ளிகளுக்குப் புதிய பயிற்சி தரப்பட்டது என்று தரவில் ஒரு நெடுவரிசையைச் சேருங்கள். ஆனால் அந்தப் பயிற்சியின் உண்மை விளைவைப் பூஜ்யமாக வையுங்கள். விளைவு இல்லை என்பது நமக்குத் தெரியும், மென்பொருளுக்குத் தெரியாது.

இப்போது அடங்கியிருப்பதைக் கண்டுகொள்ளாமல் சாதாரண ரிக்ரெஷனை, அதாவது ஒன்று மாறினால் மற்றொன்று எவ்வளவு மாறும் என்று மதிப்பிடும் கணக்கை, ஓட்டுங்கள். 1000 முறை புதிதாகத் தரவு உருவாக்கி, 1000 முறை ஓட்டி, எத்தனை தடவை பி மதிப்பு 0.05-க்குக் கீழே வந்தது என்று எண்ணுங்கள். (பி மதிப்பு என்பது, விளைவே இல்லாதபோது இவ்வளவு பெரிய வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு; 0.05-க்குக் கீழே என்றால் "விளைவு உண்டு" என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.) வர வேண்டியது 50 அளவில். வருவது ஏறத்தாழ 370. இல்லாத விளைவை மூன்று தடவைக்கு ஒரு தடவைக்கும் மேலாக "உண்டு" என்று அறிவிக்கிறது.

காரணத்தைத் தாளிலேயே கணக்கிடலாம். அடங்கியிருப்பதால் தகவல் எத்தனை மடங்கு குறைகிறது என்று சொல்லும் வடிவமைப்பு விளைவு = 1 + (20 − 1) × 0.2 = 4.8. 600 ÷ 4.8 = 125. கையில் 600 பேர் இருந்தாலும், பள்ளி மட்டத்துக் கேள்விக்கு 125 பேர் தரும் தகவல்தான் இருக்கிறது. மதிப்பீடு எவ்வளவு தடுமாறும் என்று சொல்லும் திட்டப்பிழை 4.8-இன் வர்க்கமூலம் அளவுக்கு, அதாவது சுமார் 2.2 மடங்கு சிறிதாகக் காட்டப்படுகிறது.

பிறகு அதே தரவில் பள்ளிக்கு ரேண்டம் இன்டர்செப்ட் வைத்து, அதாவது ஒவ்வொரு பள்ளிக்கும் தனிச் சராசரி மட்டம் இருக்கலாம் என்று மாதிரிக்குச் சொல்லி, ஓட்டுங்கள். எண்ணிக்கை 50-க்கும் 60-க்கும் பக்கத்தில் இறங்கும். ஆரில் பலநிலை மாதிரிக்குப் பயன்படும் எல்எம்ஈ4 தொகுப்பு பி மதிப்பை அச்சிடாது என்பதும் இங்கே கண்ணில் படும். டி மதிப்பை (விளைவை அதன் திட்டப்பிழையால் வகுத்தது) 1.96-உடன் ஒப்பிட்டால் எண்ணிக்கை 50-க்குச் சற்று மேலே நிற்கும், காரணம் பள்ளிகள் 30 மட்டுமே. எல்எம்ஈஆர்டெஸ்ட் என்ற தொகுப்பு தரும், குழுக்கள் குறைவு என்பதைக் கணக்கில் எடுக்கும் சாட்டர்த்வெயிட் திருத்தத்தோடு பார்த்தால் 50-ஐ ஒட்டி வரும்.

இதைச் செய்து முடித்தவர் "ஏன் பலநிலை மாதிரி?" என்ற வாய்மொழித் தேர்வுக் கேள்விக்கு மனப்பாடமாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை. 370 என்ற எண் போதும். 12 மணி நேர வீடியோ இந்த உறுதியைத் தராது.

நிரலோடை:
நல்ல பயிற்சி. சொந்தத் தரவில் ஓட்டும்போது "சிங்குலர் ஃபிட்" என்று எச்சரிக்கை வருகிறதே, அதை என்ன செய்வது? இணையத்தில் பாதிப் பேர் கண்டுகொள்ளாதே என்கிறார்கள்.

தரவுநெய்தல்:
கண்டுகொள்ளுங்கள். ஏதோ ஒரு பரவற்படி பூஜ்யத்தில் போய் ஒட்டிக்கொண்டது, அல்லது இரண்டு ரேண்டம் பகுதிகளின் ஒட்டுறவு +1 அல்லது −1 ஆகிவிட்டது என்று பொருள். குழுக்கள் குறைவு, அல்லது தரவு தாங்காத அளவுக்கு ரேண்டம் ஸ்லோப்களை (விளைவும் பள்ளிக்குப் பள்ளி மாறலாம் என்ற பகுதிகளை) ஏற்றியாயிற்று. முதலில் ஒட்டுறவுப் பகுதியை நீக்கிப் பாருங்கள். போகவில்லை என்றால் மிகச் சிறிய பரவற்படி உள்ள ஸ்லோப்பை நீக்குங்கள். எதை, ஏன் நீக்கினீர்கள் என்பதை ஆய்வேட்டில் எழுதுங்கள்.

இதையும் வேண்டுமென்றே வரவழைத்துப் பார்க்கலாம். மேலே சொன்ன நிரலில் பள்ளிகளை 8 ஆக்கி, பள்ளிப் பகுதியின் திட்டவிலக்கத்தை 0.2 ஆகக் குறையுங்கள். பல ஓட்டங்களில் எச்சரிக்கை வரும். பிழையைத் தானே உண்டாக்கத் தெரிந்தவருக்கு அது எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்துவிடும்.

நிரலோடை:
நன்றி. இதோடு சேர்ந்த இன்னொரு சங்கதி, இணையவழியில் நிரல் கற்பவர்கள் அதிக நேரத்தைத் தொலைக்கும் இடம் இது. கோர்ஸின் வயதைப் பாருங்கள். ஆர் 4.0.0 பதிப்பு 2020-இல் வந்தபோது ஸ்ட்ரிங்ஸ்-ஆஸ்-ஃபேக்டர்ஸ் இயல்புநிலை மாறியது. அதற்கு முன் எழுத்துத் தரவு நெடுவரிசைகள் தாமாகவே ஃபேக்டர், அதாவது வகைப் பட்டியல், ஆகும், அதற்குப் பின் ஆகாது. பழைய வீடியோவைப் பார்த்துத் தட்டினால் அந்த வகைகளை (லெவல்ஸ்) கேட்கும் இடத்தில் NULL, அதாவது ஒன்றுமில்லை, என்று வரும். தவறு நம் தட்டச்சில் என்று நினைத்து இரண்டு நாள் போய்விடும்.

அதைவிடச் சூட்சுமமானது, ஆர் 3.6.0 பதிப்பில் 2019-இல் வந்த மாற்றம். தற்செயலாகத் தேர்ந்தெடுக்கும் சாம்பிள் கட்டளையின் உள்முறை மாறியது. தற்செயல் எண்களின் தொடக்கத்தைப் பூட்டும் செட்-சீட்டுக்கு ஒரே எண்ணைக் கொடுத்தாலும் பழைய பாடத்தில் வரும் தேர்வும் நமக்கு வரும் தேர்வும் வேறு. பிழைச் செய்தி எதுவும் வராது, எண்கள் மட்டும் ஒத்துப்போகாது. ஆர்என்ஜி-கைண்ட் கட்டளையில் சாம்பிள்-கைண்டை "ரவுண்டிங்" என்று வைத்தால் பழைய எண்கள் திரும்பும்.

பைதானிலும் இப்படித்தான். தரவு அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் தொகுப்பின் 2.0 பதிப்பில், அட்டவணையில் (டேட்டாஃப்ரேம்) வரி சேர்க்கும் அப்பெண்ட் நீக்கப்பட்டது, 2023-க்கு முந்தைய பல பாடங்கள் அங்கே முறியும். பதிலுக்கு கன்கேட் பயன்படுத்த வேண்டும்.

பாடத்தைத் தொடங்கும் முன் அதன் வெளியீட்டு ஆண்டையும், அதில் காட்டும் மென்பொருள் பதிப்பையும் ஒப்பந்தத் தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள். நம் பதிப்புகளை ஆர்-இன்வ் (ஆருக்கு) அல்லது வென்வ் (பைதானுக்கு) கொண்டு பூட்டி வையுங்கள். ஆய்வேடு சமர்ப்பிக்கும் மாதத்தில் அப்டேட் போட்டு எண்கள் மாறினால் அதைத் தேடிப் பிடிக்க நேரம் இருக்காது.

ஏட்டுச்சுவடி:
இழை முழுக்க எண்களாகவே போகிறது. பண்புசார் ஆய்வு செய்பவர்களுக்கும் சில வார்த்தைகள்.

பேட்டிகளைக் குறியிடக் (பகுதிகளுக்குப் பொருள் சார்ந்த பெயரிடக்) கற்பதற்கு என்ன சான்று? "20 பேட்டிகளைக் குறியிட்டேன்" என்பது உழைப்பின் கணக்கு, அவ்வளவுதான். குறியேட்டை, அதாவது ஒவ்வொரு குறிக்கும் பெயர், ஒரு வரி விளக்கம், எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது, ஓர் எடுத்துக்காட்டு என எழுதி, வேறொருவரிடம் கொடுங்கள். உங்களிடம் எதுவும் கேட்காமல் அவர் 10 பக்கம் குறியிடட்டும். எங்கே வேறுபட்டீர்கள் என்று உட்கார்ந்து பார்த்தால் விளக்கத்தில் உள்ள ஓட்டைகள் வரிவரியாகத் தெரியும். ஆள் கிடைக்காவிட்டால் அதே பக்கங்களை இரண்டு வாரம் கழித்து, பழையதைப் பார்க்காமல் நீங்களே மீண்டும் குறியிட்டு ஒப்பிடலாம்.

இதில் விழும் பள்ளம் ஒன்று. 100 பத்திகள், "கைவிடப்பட்ட உணர்வு" என்று ஒரு குறி. இருவருமே ஆம் என்றவை 5, இருவருமே இல்லை என்றவை 85, ஒருவர் மட்டும் ஆம் என்றவை 5 + 5. உடன்பாடு 90 விழுக்காடு. அருமை என்று மூடிவைக்கத் தோன்றும். தற்செயல் உடன்பாட்டைக் கழித்துப் பார்க்கும் கோஹனின் கப்பாவைப் போடுங்கள். இருவருமே 10 விழுக்காட்டுக்கு ஆம் என்றிருப்பதால் தற்செயலாகவே 0.01 + 0.81 = 0.82 ஒத்துப்போகும். (0.90 − 0.82) ÷ (1 − 0.82) = 0.44. அரிதாக வரும் குறி என்பதால் "இல்லை"களே உடன்பாட்டைத் தூக்கி நிறுத்தியிருக்கின்றன.

ஆனால் இங்கேயும் முறை தெரிந்து பயன்படுத்த வேண்டும். பிரான், கிளார்க் சொல்லும் சுயநோக்குக் கருப்பொருள் பகுப்பாய்வில் ஆய்வாளரின் பார்வையே கருவி. அங்கே கப்பா போடுவது முறையின் அடிப்படைக்கே முரண். இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் பலவும் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் எல்லாவற்றையும் ஒரே பெயரில் கற்றுத்தருகின்றன. நீங்கள் எந்த மரபில் நிற்கிறீர்கள் என்பதை முடிவுசெய்த பிறகுதான் எதைச் சான்றாகக் கொள்வது என்பதே வரும்.

மீள்வாசிப்பு:
ஏட்டுச்சுவடி சொன்ன கடைசி வரியை அடிக்கோடிடுகிறேன்.

வாசிப்புக்கு வருவோம், முனைவர் பட்டத்தில் தானே கற்பதில் பெரும்பகுதி அதுதானே. ஒவ்வொரு கட்டுரையையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கும் பழக்கம் நேரத்தை விழுங்கிவிடும். மூன்று சுற்றாகப் பிரியுங்கள். முதல் சுற்று 5 முதல் 10 நிமிடம்: தலைப்பு, சுருக்கம், உட்தலைப்புகள், படங்கள், முடிவுரை. பெரும்பாலானவை இங்கேயே வடிகட்டப்படும். இரண்டாவது சுற்றுக்கு ஒரு மணி நேரம். வாதத்தையும் சான்றையும் பிடிக்க வேண்டும், நிறுவல்களை விட்டுவிடலாம். மூன்றாவது சுற்றில் அந்த ஆய்வை நீங்களே மறுபடி செய்வது போல ஒவ்வொரு அனுமானத்தையும் கேள்வி கேட்டுப் படிக்க வேண்டும். புதியவருக்கு நாலைந்து மணி நேரம் பிடிக்கும். ஆய்வேட்டின் முதுகெலும்பாக நிற்கும் சில கட்டுரைகளுக்கு மட்டும் இது போதும்.

தேடலுக்கு ஒரு பதிவேடு கட்டாயம். தேதி, தரவுத்தளம், தேடல் வரி எழுத்துக்கு எழுத்து, வடிகட்டிகள், கிடைத்த எண்ணிக்கை, எடுத்த எண்ணிக்கை. முறையான மதிப்பாய்வு எழுதுபவர்கள் எதையெல்லாம் தெரிவிக்க வேண்டும் என்று சொல்லும் பிரிஸ்மா 2020 நெறிமுறையின் 27 அம்சப் பட்டியலை முதல் நாளிலேயே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தேடலை முடித்த பிறகு அதைத் திறந்தால், பதியாமல் விட்ட எண்ணிக்கைகளுக்காக மொத்தத் தேடலையும் திரும்ப ஓட்ட வேண்டிவரும்.

மேற்கோள் மேலாண்மைச் செயலியான சோடெரோவில் சேர்க்கும்போதே விவரங்களைச் சரிபாருங்கள், பிடிஎஃப்-இலிருந்து தானாக எடுக்கும் ஆசிரியர் பெயர்கள் சில நேரம் தவறாக வரும். இலவசச் சேமிப்பு 300 எம்பி மட்டுமே, சில நூறு பிடிஎஃப்களில் நிரம்பிவிடும். இதழ் திரும்பப் பெற்ற கட்டுரை ஏதாவது உங்கள் தொகுப்பில் இருந்தால் அது எச்சரிக்கும். அந்தச் சிவப்புப் பட்டையைக் கடந்து போகாதீர்கள்.

கூடலகம்:
செயற்கை நுண்ணறிவு உரையாடிகளைப் பற்றி யாரும் பேசவில்லையே. இப்போது பலரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.

மீள்வாசிப்பு:
மேற்கோள் பட்டியலை அதனிடம் கேட்கக் கூடாது. உண்மையான ஆசிரியர், உண்மையான இதழ், இல்லாத கட்டுரை என்று மூன்றையும் கோத்துத் தரக்கூடும். கட்டுரையின் நிரந்தர அடையாள எண்ணான டிஓஐகூட 10. என்று சரியாகத் தொடங்கி, போட்டுப் பார்த்தால் வேறு கட்டுரைக்குப் போகும், அல்லது எங்கும் போகாது. ஒவ்வொரு மேற்கோளையும் டிஓஐ தளத்தில் திறந்து தலைப்பை ஒப்பிட்டால் ஒன்றுக்கு அரை நிமிடம்.

பயன்படுத்த நல்ல இடம் வேறு. நீங்கள் எழுதிய விளக்கத்தைக் கொடுத்து "இதில் தேர்வாளர் எதைக் கேள்வி கேட்பார், 5 கேள்வி" என்று கேளுங்கள். பதிலை நீங்கள் எழுதுங்கள். வரிசையை மாற்றிவிட்டால், அது எழுதி நீங்கள் தலையாட்டினால், புரிந்தது போன்ற உணர்வு மட்டும் மிஞ்சும்.

கூடலகம்:
நன்றி. என் பங்குக்குக் கூட்டாகக் கற்பதைப் பற்றி. தானே தீர்மானிப்பது என்றால் தனியாகக் கற்பது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். டெசி, ரையன் இருவரின் தன்தீர்மானக் கோட்பாடு தன்னாட்சி, திறன், உறவு என மூன்று தேவைகளைச் சொல்கிறது. இணையவழிக் கற்றலில் முதலில் வறண்டு போவது மூன்றாவது.

4 பேர் சரியான அளவு. ஒருவர் வராவிட்டாலும் கூட்டம் நடக்கும், 6 பேருக்கு மேல் போனால் இருவர் பேச மற்றவர் கேமராவை அணைத்துவிடுவார்கள். வாரம் ஒருமுறை, ஒரே நாள், ஒரே நேரம், 75 நிமிடம். முதல் 5 நிமிடம் ஒவ்வொருவரும் ஒரே வாக்கியத்தில் போன வாரச் சான்று. அடுத்த 45 நிமிடம் ஒருவருக்கு மட்டும்: முந்தைய நாளே 2 பக்கம் அனுப்பியிருப்பார், மற்ற மூவரும் கேள்விகளோடு வருவார்கள். அவர் முதல் 10 நிமிடம் பேசக் கூடாது, கேட்க மட்டும் வேண்டும். எழுதியது தனியாக நிற்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். மீதி 25 நிமிடம் அமைதியாக எழுதுவது.

குழு கலைந்துபோகும் காரணங்கள் திரும்பத் திரும்ப ஒன்றேதான். ஒருவர் 2 பக்கத்துக்குப் பதில் 30 பக்க அத்தியாயத்தை அனுப்புவார், யாரும் படிக்க மாட்டார்கள், அடுத்த வாரம் வரக் கூச்சமாக இருக்கும். அல்லது நேரத்தை வாராவாரம் வாட்ஸ்அப்பில் ஓட்டுக்கு விடுவார்கள். அல்லது மனக்குறை பேசும் இடமாக மாறிவிடும். மனக்குறையும் பேச வேண்டியதுதான், அதற்குத் தனி அழைப்பு வையுங்கள். 8 வாரம் என்று முடிவுத் தேதியோடு தொடங்கினால், விலக நினைப்பவர் சொல்லாமல் மறையாமல் நல்லபடியாக விலகலாம்.

துறை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. முறை ஒன்றாக இருந்தால் போதும்.

நிரலோடை:
நினைவில் நிறுத்துவது பற்றி ஒரு சிறு குறிப்பு. ரோடிகர், கார்பிக்கே 2006-இல் காட்டியது: மறுபடி படித்தவர்கள் 5 நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முன்னால் இருந்தார்கள், ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். வீடியோ முடிந்ததும் "புரிந்தது" என்று வரும் திருப்தி அந்த 5 நிமிடத் திருப்தி. ஆகவே வீடியோவை நிறுத்திவிட்டு, வெற்றுத் தாளில் 5 நிமிடம் எழுதிப் பாருங்கள்.

இடைவெளி விட்டு நினைவூட்டும் அன்கி செயலியின் அட்டைகளை எல்லாவற்றுக்கும் போட வேண்டாம். ஒரு அட்டைக்கு ஒரு செய்தி, நாளைக்கு 5 புதிய அட்டை போதும். 20 போட்டால் ஒரு மாதத்தில் மீள்பார்வை வரிசை நூறைத் தாண்டும், அன்றோடு செயலியைத் திறப்பதே நின்றுவிடும். அனுமானங்கள், வரையறைகள், யார் எதை எந்த ஆண்டு சொன்னார் என்பவற்றுக்கு அட்டை பொருந்தும். வாதங்களுக்குப் பொருந்தாது. வாய்மொழித் தேர்வு ஒரு வருடம் தள்ளி இருந்தால் 3 முதல் 5 வாரத்துக்கு ஒருமுறை எழுதிப் பார்ப்பது நல்ல இடைவெளி.

பனுவல்:
எல்லோருக்கும் நன்றி, தாளை எழுதத் தொடங்கலாம் போலிருக்கிறது. இன்னும் இரண்டு கேள்விகள். நெறியாளர் "இன்ன கோர்ஸ் சான்றிதழ் கொண்டு வா" என்றால்? கற்றுக்கொண்டிருக்கும்போதே கேள்வி மாறிவிட்டால்?

ஏட்டுச்சுவடி:
முதல் கேள்விக்கு: விதிமுறையில் கட்டாயம் என்றால் வாங்கித்தான் ஆக வேண்டும், அதில் விவாதம் வேண்டாம். கட்டாயம் இல்லை என்றால் நெறியாளருக்கு மாதம் ஒருமுறை அரைப் பக்கக் குறிப்பு அனுப்புங்கள். தடைப்பட்டிருந்த வாக்கியம் இது, சான்று இணைப்பில், இப்போது எழுத முடிந்த பத்தி இது, அடுத்த தடை இது, உங்களிடம் வேண்டிய முடிவு இது. கடைசி வரியில் ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வி ஒன்று மட்டும் இருக்கட்டும். "எப்படி இருக்கிறது ஐயா" என்று கேட்டால் பதில் வர மாதமாகும்.

கோர்ஸைப் பாதியில் விட்டதற்கும் வருந்த வேண்டாம். ஹார்வர்ட், எம்ஐடி ஆகியவை எட்எக்ஸ் என்ற இணையவழித் தளத்தில் நடத்திய திறந்த கோர்ஸ்களில் 2017–18-இல் பதிவு செய்தவர்களில் முடித்தவர்கள் 3 விழுக்காட்டை ஒட்டியே. இதை இருவிதமாகவும் படிக்கலாம். ஒப்பந்தம் இல்லாமல் உள்ளே போனவர்கள் உதிர்ந்தார்கள் என்பது ஒன்று. வேண்டிய மூன்று பாடத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவர்களும் அந்தக் கணக்கில் தோல்வியாகவே பதிவாகிறார்கள் என்பது மற்றொன்று. முனைவர் பட்ட மாணவர் இரண்டாவது வகையாக இருக்கலாம், தவறே இல்லை.

தரவுநெய்தல்:
இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன், இது நடந்தே தீரும்.

6 வார ஒப்பந்தத்தில் 3-ஆம் வாரக் கடைசியில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் எதையும் கற்காதீர்கள். தடைப்பட்ட வாக்கியத்தை எடுத்து, இது இன்னும் வேண்டுமா என்று மட்டும் கேளுங்கள். நிறுத்துவதற்கும் இதுவே இடம். சான்று ஏற்கெனவே தேறிவிட்டதா, நிறுத்துங்கள், மீதிக் கோர்ஸ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. தேதி வந்தும் சான்று தேறவில்லையா, ஒரே ஒருமுறை 2 வாரம் நீட்டலாம். அதற்கும் மேல் போனால் ஒரு புள்ளியியலாளரைக் கூட்டாளியாகச் சேர்ப்பது, முறையை எளிதாக்குவது என்று வேறு வழி பார்க்க வேண்டும்.

கேள்வி மாறுவதற்கு எடுத்துக்காட்டு. பலநிலை மாதிரி கற்கத் தொடங்கிய பிறகு, கையில் 6 பள்ளிகள்தான் இருக்கின்றன என்பதன் கனம் புரிகிறது. 6 குழுக்களை வைத்துப் பள்ளிகளுக்கு இடையிலான பரவற்படியை நம்பகமாக மதிப்பிட முடியாது. சரி, பள்ளிகளை நிலையான விளைவுகளாக, அதாவது ஒவ்வொரு பள்ளிக்கும் தனி மாறிலியாக, வைத்துவிடலாம் என்று அடுத்து தோன்றும். மாணவர் மட்டத்துக் கேள்வி என்றால் அது போதும். ஆனால் பயிற்சி முழுப் பள்ளிக்கும் தரப்பட்டது என்றால் அதுவும் முடியாது, பயிற்சியின் விளைவும் பள்ளியின் விளைவும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது. அப்போது மாற வேண்டியது முறை இல்லை, ஆய்வுக் கேள்வி. "பயிற்சி பலன் தந்ததா" என்பதிலிருந்து "பயிற்சி பெற்ற பள்ளிகளுக்குள் எந்த மாணவர்கள் முன்னேறினார்கள்" என்பதற்கு நகர வேண்டும், அல்லது கூடுதல் பள்ளிகளைச் சேர்க்க வேண்டும். இந்த முடிவை நெறியாளரோடு 3-ஆம் வாரத்தில் எடுப்பதும், தரவுச் சேகரிப்பு முடிந்த பிறகு எடுப்பதும் ஒன்றில்லை.

புதிய தாள் எழுதுங்கள். பழையதை அழிக்காமல், என்ன தெரிந்ததால் மாற்றினீர்கள் என்று அடியில் இரண்டு வரி எழுதி, தேதி போட்டு அதே கோப்புறையில் வையுங்கள். முறையியல் அத்தியாயத்தில் "ஏன் இந்த வடிவமைப்பு" என்ற பகுதியை எழுத உட்காரும்போது அந்தத் தாள்கள்தான் கையில் இருக்கும் முதல் வரைவு.

பனுவல்:
6 பள்ளிகள் கதை என் ஆய்வுக்கு அப்படியே பொருந்துகிறது. தாளின் முதல் வரியை மாற்றிவிட்டு, எழுதி முடித்ததும் இங்கேயே இடுகிறேன். மூன்றாவது வரியை முதலில் பாருங்கள்.